ஆத்துக்குப் போயிட்டு வாரேன்

முதல் நாள்

"எல்லாரும் ஊட்டி, கொடைக்கானல்னு போறாங்க. நீங்க அக்னி நட்சத்திரத்துல திருநெல்வேலிக்கு வெயிலைத் தேடிப் போறீங்களேம்மா" என்றார் எதிர் பெர்த் மாமா. அம்மா வீட்டுக்கு என்றேன். "அப்ப சரி" என்று இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். அதற்கு மேல் அவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

நெல்லை எக்ஸ்பிரஸில் நாங்கள் மூன்று பேர். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவனுக்கு ஏழு. இவருக்கு லீவு இல்லை. நடுவில் ஒரு சனி, ஞாயிறு வந்து எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அலுவலகத்தில் பன்னிரண்டு நாள் கிடைத்தது, மார்ச் மாதக் கணக்கை ராத்திரி பகலாக முடித்துக் கொடுத்த புண்ணியத்தில்.

எழும்பூரில் வண்டி நகர்வதற்கு முன்பே மேல் பெர்த்துக்குச் சண்டை. தாம்பரம் தாண்டுவதற்குள் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி பன்னிரண்டும் காலி. விழுப்புரம் வரை கேள்விகள். அப்புறம் இரண்டும் தூங்கிவிட்டன. நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த முறை ஒரு திட்டத்தோடு போகிறேன். அம்மாவுக்கு அறுபத்தாறு நடக்கிறது. நான் இருக்கும் வரை அடுப்படி என் பொறுப்பு, அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். போனில் இதைச் சொன்னபோது "சரி, சரி, முதல்ல வந்து சேரு" என்றாள். அந்த இரண்டு சரியில் ஒன்றில்கூடச் சம்மதம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாம் நாள்

திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, நடைமேடை மாறி, செங்கோட்டை பாசஞ்சர். பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், அப்புறம் எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி. மீட்டர் கேஜ் காலத்தில் பாட்டு மாதிரி நான் ஒப்பித்த வரிசை. ரயில் அகலமாகிவிட்டது, வரிசை மாறவில்லை. ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோப்பு, வயல், வரப்பில் பனை. வீரவநல்லூர் தாண்டியதும் பொதிகை மலை நேரே வந்து நின்றது. "அம்மா, மலை நம்மகூடவே வருது" என்றான் சின்னவன். போன வருஷமும் இதையேதான் சொன்னான். அடுத்த வருஷம் சொல்வானா தெரியாது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்டேஷனில் அப்பா, கையில் குடை. வீட்டு வாசலில் அம்மா. பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்து, "என்னட்டி, இப்படிக் கறுத்துப் போய்ட்ட" என்றாள். இது வருடாந்திர வரவேற்புரை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் குண்டாகியிருந்தபோதும் "இப்படி எளச்சிட்ட" என்றுதான் சொன்னாள்.

மதியம் சொதி. நெல்லைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: தேங்காயை மூன்று தடவை பாலெடுத்து, மூன்றாம் பாலில் பாசிப்பருப்பும் காய்களும் வெந்து, இரண்டாம் பால் சேர்ந்து, கடைசியில் முதல் பாலை விட்டுக் கொதிக்க விடாமல் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிவது. கல்யாணத்துக்கு மறுநாள் சம்பந்தி வீட்டாருக்கு வைக்கிற சாப்பாடு. கூடவே செரிமானத்துக்கு இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். இத்தனையும் காலை ஒன்பது மணிக்குத் தயார். அப்படியானால் எத்தனை மணிக்கு எழுந்தாள்? கேட்டேன். "தூக்கம் வரல" என்றாள்.

என் திட்டம் முதல் நாளே இப்படி. தேங்காய் திருகக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா நின்றுகொண்டே இருந்தாள். நான் மூன்று தரம் உட்காரச் சொன்னேன். மூன்று தரமும் ஏதாவது எடுக்க உள்ளே போனாள்.

மூன்றாம் நாள்

காலையில் அம்மாவுக்கு முன்னால் எழுந்து அடுப்படியைப் பிடித்துவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் அம்மா நிலைப்படியில்.

கடுகு எங்கே என்றேன். "இடது பக்கம் மூணாவது டப்பா." அந்த டப்பாவில் "சோம்பு" என்று நானே பத்தாவது படிக்கும்போது ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிய சீட்டு. உள்ளே கடுகு. சோம்பு என்ற பெயரில் கடுகு, கடலைப்பருப்பு என்ற பெயரில் வெந்தயம், ரவை என்ற பெயரில் பழைய மின்சார ரசீதுகள். இந்த வீட்டின் வரைபடம் அம்மாவின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

எட்டு மணிக்குள் அப்பா இரண்டு காபி கேட்டார். பதினோரு மணிக்கு மூன்றாவது. நான் போட்டதைக் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்றார்; பத்து நிமிஷம் கழித்து அடுப்படி வாசலில் வந்து நின்று அம்மாவிடம் மெதுவாக, "கொஞ்சம் போல டிக்காஷன் இருக்கா?" நான் சாம்பார் வைத்து முடிப்பதற்குள் அம்மா நான் எடுத்த டப்பாக்களைத் திரும்ப அடுக்கி, நான் சிந்தியதைத் துடைத்து, நான் அணைக்க மறந்த பால் அடுப்பை அணைத்து, கடைசியில் சொன்னாள்: "நீ சமைச்சா எனக்கு ரெண்டு வேலை ஏட்டி." சரணடைந்தேன்.

ஒன்று கவனித்தேன். சாயங்காலம் ஐந்து மணி ஆனதும் அம்மா ஒரு துண்டு, ஒரு மாற்றுப் புடவை, சின்னச் சோப்பு டப்பா எல்லாம் பிளாஸ்டிக் கூடையில் போட்டுக்கொண்டு, "ஆத்துக்குப் போயிட்டு வாரேன்" என்றாள். யாரிடமும் கேட்கவில்லை, சொன்னாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வீட்டில் பாத்ரூம் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, ஷவர்கூட இருக்கிறது. நான்தான் போன வருஷம் பணம் கொடுத்துப் போடவைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தலையில் ஈரத்துண்டோடு திரும்பி வந்தாள்.

நான்காம் நாள்: கூழ் வத்தல்

மற்ற ஊர்களில் இதை வடாம் என்பார்கள். எங்களுக்குக் கூழ் வத்தல்.

ராத்திரியே மாவு அரைத்து வைத்தாயிற்று. நாலு படி அரிசிக்கு ஒரு படி ஜவ்வரிசி. அதிகாலை நாலரைக்குக் கொல்லைப்புறத்தில் விறகடுப்பு. கேஸ் அடுப்பில் இந்தக் குண்டான் நிற்காது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மரத்துடுப்பு மாறி மாறி. நிறுத்தாமல் கிண்ட வேண்டும், நிறுத்தினால் அடிப்பிடிக்கும். கூழ் முதலில் மோர் மாதிரி சலசலவென்று இருக்கும். கால் மணி நேரம் அப்படியேதான் இருக்கும். இது கெட்டியாகவே ஆகாதோ என்று சந்தேகம் வரும். அப்புறம் ஒரு கணத்தில் துடுப்பு கனக்கும். வெள்ளை மங்கி, கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு ஏறும். "தப், தப்" என்று கொப்புளம் வெடித்துக் கையில் தெறிக்கும். அக்கா இரண்டு தரம் "சவத்த" என்று திட்டினாள், கூழையா துடுப்பையா தெரியவில்லை.

பதம் பார்ப்பது அம்மா. கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட்டாள். ஒட்டவில்லை. இறக்கியாயிற்று. பச்சை மிளகாயும் பெருங்காயமும் சேர்த்து அரைத்த விழுது, சீரகம், கொஞ்சம் ஆறியதும் எலுமிச்சம்பழம். அடுப்பில் இருக்கும்போது பழம் பிழிந்தால் கசந்துவிடும்.

உப்பு மட்டும் இத்தனை வருஷமும் அம்மா கையால்தான். இன்றைக்கு என்ன தோன்றியதோ, கல் உப்புக் கரைசலை என்னிடம் நீட்டி, "நீ போடு" என்றாள். நான் வேலைக்குப் போன முதல் நாள்கூட இப்படிப் படபடக்கவில்லை.

"கூழ்ல உப்பு கொறைவாத் தெரியணும். தண்ணி வத்துனதும் உப்பு ஏறும். இப்பச் சரியா இருந்தா அப்பக் கரிக்கும்" என்றாள். விட்டேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. "போதும்" என்றுவிட்டு வேட்டி எடுக்க அம்மா உள்ளே திரும்பினாள்.

ஒரு கரண்டி கூட விட்டேன். இதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அம்மா போனில் இதெல்லாம் படிக்கிறவள் இல்லை.

வெயில் ஏறுவதற்குள் மொட்டைமாடியில் அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டிகளை நனைத்து விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, முறுக்கு உரலில் போட்டுப் பிழிந்தோம். பெரியவள் கரண்டியால் வட்ட வட்டமாக ஊற்றினாள். காம்பஸ் வைத்த மாதிரி ஒரே அளவு. சின்னவனுக்கு ஒரு பால் கவரின் மூலையை வெட்டி அதில் கூழை நிரப்பிக் கொடுத்தேன். கோலம் போடுவான் என்று பார்த்தால், நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து, "ஆச்சி" என்று எழுதினான். மூன்று எழுத்துக்கு வேட்டியில் முக்கால் முழம். "ச்"சின் புள்ளி இட்லி அளவு.

அம்மா பார்த்தாள். "காயறதுக்கு நாலு நாளாவும். எடத்த அடைக்கான் பாரு" என்று சொல்லிவிட்டுக் குண்டானைக் கழுவப் போனாள்.

ஐந்தாம், ஆறாம் நாள்

காக்காய்க் காவல். பெரியவள் மணிக்குப் பத்து ரூபாய் கேட்டாள். தாத்தா நடுவராக இருந்து ஐந்து ரூபாயும் ஒரு ரஸ்னாவும் என்று பேசி முடித்தார். கறுப்புக் குடையைக் கண்டு காக்காய் வரவில்லை. அணில் வந்தது. அணிலுக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை என்று அவள் விட்டுவிட்டாள்.

இரண்டாம் நாள் வேட்டியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்து உரிக்கிற வேலை. "ஆ"வின் வால் மட்டும் உடைந்தது. மற்றபடி சேதமில்லை.

தெருவில் நுங்கு வந்தது. பெருவிரலை விட்டு உறிஞ்சச் சொல்லிக் கொடுத்தால் முதல் கண்ணிலேயே சட்டையெல்லாம் தண்ணீர். தோலை வேர்க்குருவில் தேய்த்துவிட்டாள் அம்மா. மிச்சமான நுங்குக் கூந்தல், அதாவது சுளை தீர்ந்த வெறுங்காய், இரண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பு வைத்து, அப்பா நுங்கு வண்டி செய்து கொடுத்தார். சென்னையில் ரிமோட் கார் மூன்று வைத்திருப்பவன் மதியம் முழுக்க முடுக்கில் இதை உருட்டிக்கொண்டு ஓடினான். எனக்கு எண்பதுகளின் கடைசியில் இதே அப்பா செய்து கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. அவருக்கு இல்லையாம்.

வேறொன்றும் நடக்கவில்லை. இரண்டு மணிக்குக் கரண்ட் போனது, நாலு மணிக்கு வந்தது. ஐந்து மணிக்கு அம்மா ஆற்றுக்குப் போனாள்.

ஏழாம் நாள்

சாயங்காலம் குலசேகரமுடையார் கோயில். வாசலிலேயே அப்பா கதையை ஆரம்பித்துவிட்டார். 1982-இல் இந்தக் கோயில் நடராஜர் களவு போனார். அப்புறம் அவரைக் கண்டுபிடித்தது ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில் உள்ள அருங்காட்சியகத்தில். 2019 செப்டம்பரில் ஊர் திரும்பினார். முப்பத்தேழு வருஷம்.

"பாஸ்போர்ட் வச்சிருந்தாரா?" என்றான் சின்னவன். அதுதான் தம்பி கேஸே என்றார் அப்பா.

அம்மாவுக்கு அது வேறு மாதிரி ஞாபகம். "எனக்குக் கல்யாணமாகி வந்த மறு வருஷம். சாமியே போய்ட்டாருன்னு ஊரே அழுதுச்சு. எங்க அத்த மூணு நாள் அடுப்பு பத்த வைக்கல. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள என்ன தோணுச்சு தெரியுமா? மூணு நாள் சமையல் இல்லன்னு." சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிரகாரம் முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுற்றினேன்.

எட்டாம் நாள்

இவர் காலையில் வந்து சேர்ந்தார். குற்றாலம் போகலாமா என்றார். மே மாதத்தில் குற்றாலத்தில் பாறையைத்தான் பார்க்கலாம். சாரல் தொடங்க ஜூன் ஆக வேண்டும். எங்களுக்குக் கோடையிலும் கைவிடாதது பாபநாசத்துக்கு மேலே அகஸ்தியர் அருவி. அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியாக வாடகைக் காரில் போனோம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பை, எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாவற்றுக்கும் தடை. அதற்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் என்று பெரியவள் பலகையைப் படித்ததும் சின்னவன் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

புலி வரவில்லை. குரங்கு வந்தது. அருவியில் குளித்துவிட்டு வருவதற்குள் அவனுடைய இடது கால் செருப்பைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. முறுக்கைக் காட்டினோம், வாழைப்பழத்தைக் காட்டினோம். இரண்டையும் வாங்கிக்கொண்டது. செருப்பைத் தரவில்லை.

அம்மா வரவில்லை. "எனக்கு ஆறு போதும்" என்றுவிட்டாள். ஆனால் காரில் ஏறும்போது தூக்குச்சட்டியில் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்த் துவையல், மோர் மிளகாய், தனி டப்பாவில் மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று உருளைக்கிழங்கு. பாறையில் உட்கார்ந்து அதைப் பிரிக்கும்போதுதான் உறைத்தது. ஊர் சுற்றக் கிளம்பியது நாங்கள், நாலு மணிக்கு எழுந்தது அவள். புளியோதரை அருமையாக இருந்தது என்பது வேறு விஷயம். மூன்று கை எடுத்துச் சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள்

இவரை ராத்திரி ரயில் ஏற்றிவிட எல்லோருமாகத் திருநெல்வேலி. அம்மாவும் வந்தாள், பாளையங்கோட்டையில் பெரியம்மாவைப் பார்த்து வருஷமாகிறதாம்.

ஜங்ஷனிலிருந்து பாளைக்கு டவுன் பஸ். தாமிரபரணி மேல் சுலோசன முதலியார் பாலம் வந்ததும் அப்பாவுக்குள் இருக்கும் ஆசிரியர் எழுந்துகொண்டார். 1843-இல் கட்டியது, பதினோரு வளைவு, அன்றைக்கு வரை பரிசல்தான். சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினார், மனைவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்ததாகச் சொல்வார்கள் என்று பஸ்ஸே கேட்கும்படி சொன்னார்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பாமலே, "நகையக் குடுத்தவ பேரு பாலத்துல இல்லியே" என்றாள்.

முன் சீட்டுப் பெண்மணி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்பா அதற்குப் பிறகு கொக்கிரகுளம் நிறுத்தம் வரை எதுவும் விளக்கவில்லை.

செருப்பு வாங்கியாயிற்று. பெரியம்மா வீட்டில் அக்கா தங்கை இருவரும் அரை மணி நேரம் யார் யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். டவுனில் நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை திறக்கக் காத்திருந்து, வரிசையில் நின்று, சுடச்சுட அல்வா. சின்னவனுக்கு விரலிலிருந்து முழங்கைவரை நெய். ஆளுக்கு நூறு கிராம் சாப்பிட்டுவிட்டுச் சென்னைக்கு ஒரு கிலோ இவர் கையில். அது இவர் அலுவலகம்வரை போய்ச் சேருமா என்பது மாம்பலத்தில் என் மாமியார் என்ன முடிவெடுக்கிறார் என்பதைப் பொறுத்தது.

பத்தாம் நாள்

வெயில் இன்று சரியான கோபத்தில். பாளையங்கோட்டையில் நூறு டிகிரியைத் தாண்டியது என்று டிவியில் சொன்னார்கள். யாரும் வெளியே போகவில்லை.

பீரோ ஒழித்தபோது மேல்தட்டில் ஒரு பாய் கிடைத்தது. பத்தமடைப் பாய், அம்மா அப்பா கல்யாணத்துக்கு நெய்து வாங்கியது. கோரைப்புல்லை நூல் மாதிரி மெல்லியதாகக் கிழித்து நெய்தது. மடித்தால் துணி போல மடிகிறது. இரண்டு பக்கமும் பெயர், நடுவில் 1981. சாயம் மங்கி, அப்பா பெயரில் ஒரு எழுத்து போய்விட்டது. அம்மா பெயர் முழுசாக இருக்கிறது. அப்பா அதை மூன்று தரம் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

பெரியவள் அதை விரித்துப் படுத்துக்கொண்டு கதைப்புத்தகம் படித்தாள். எடுத்து வை, கிழிந்துவிடும் என்றேன். "நாப்பது வருஷமா கிழியாமத்தான் மேல கெடக்கு. படுக்கட்டும்" என்றாள் அம்மா.

பதினோராம் நாள்

ஐந்து மணி. கூடை. "ஆத்துக்குப் போயிட்டு வாரேன்." நானும் வரட்டுமா என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்தாள், அதுவே எனக்கு வியப்பு. "வாறதுன்னா வா. ஆனா பேசிக்கிட்டே இருக்கக் கூடாது."

பிள்ளைகளைத் தாத்தாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். பத்து நிமிஷ நடை. வெயில் சாய்ந்து மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது, தரையில் மட்டும் இன்னும் சூடு. படித்துறையில் ஏற்கெனவே நாலைந்து பெண்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு படி. அம்மாவின் படி காலியாக இருந்தது. அதில் யாரும் துணி வைப்பதில்லை போலிருக்கிறது.

இரண்டு பருவ மழையும் பொதிகையில் விழுவதால் தாமிரபரணி கோடையிலும் வற்றுவதில்லை. ஆனாலும் மே மாதத் தண்ணீர் அடக்கமாகத்தான் போகும். கரையோரம் முழங்கால் அளவு, நடுவில் கழுத்தளவு. நான் கடைசிப் படியில் உட்கார்ந்து காலை விட்டேன். மீன்குஞ்சுகள் வந்து குதிகாலைக் கொத்தின.

அம்மா பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, மஞ்சளைக் கல்லில் உரசிப் பூசி, துணியை அலசிப் பிழிந்து வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் நடந்தாள். முழங்கால், இடுப்பு, மார்பு. நான் எழுந்துவிட்டேன், அம்மா போதும் என்று கூப்பிட வாயைத் திறந்தபோது, மல்லாக்கச் சாய்ந்தாள். மிதந்தாள். கொண்டை அவிழ்ந்து முடி சுற்றிலும் விரிந்தது. கையை மட்டும் லேசாக அசைத்து அசைத்து, ஓட்டத்தோடு ஒரு பத்தடி போய், அப்புறம் திரும்பிக் கை வீசி எதிர்த்து நீந்தி வந்து, மறுபடி மல்லாந்தாள்.

அம்மாவுக்கு நீச்சல் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. நாற்பது வயதாகிறது எனக்கு.

"எப்பம்மா கத்துக்கிட்ட?"

"ஆழ்வார்குறிச்சில, கடனா நதில. எட்டு வயசு இருக்கும்." கண்ணைத் திறக்காமலே பதில். "கல்யாணமாகி இங்க வந்தப்புறம் முங்கி எந்திரிச்சு வாறதோட சரி. எங்க அத்த கூடவே வருவாவ. அவ்வோ போனப்புறம்தான் ஒருநாள் நீந்திப் பாத்தேன். மறக்கல."

அந்த அத்தை, என் ஆச்சி, போய்ப் பதினாறு வருஷமாகிறது. பதினாறு வருஷமாக ஐந்து மணிக்கு அம்மா இங்கே மிதந்துகொண்டிருக்கிறாள். நான் வீட்டில் ஷவர் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

படியில் கூடைக்குள் போன் அடித்தது. அப்பா. எடுக்கட்டுமா என்றேன்.

"அது கெடக்கட்டும். ரெண்டு தடவ அடிச்சிட்டு அவ்வோளே தேடிக்கிடுவாவ."

சரியாக இரண்டு தடவை அடித்து நின்றது. கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும். பக்கத்துப் படி அக்கா துணி துவைப்பதை நிறுத்தியிருந்தாள்.

"இங்க யாரும் காப்பி கேக்க மாட்டாவ" என்றாள் அம்மா, மலையைப் பார்த்தபடி.

நான் பேசக் கூடாது என்பது நிபந்தனை. புடவையோடு இறங்கி மார்பளவுத் தண்ணீரில் போய்ப் பக்கத்தில் நின்றேன். மல்லாந்து பார்த்தேன், மூழ்கினேன், மூக்கில் தண்ணீர் ஏறி இருமினேன். அம்மா ஒரு கையை என் முதுகுக்குக் கீழே கொடுத்தாள். "தலையத் தூக்காத. காதுல தண்ணி போவும், போட்டும்." காதில் தண்ணீர் போனது. வெளிச்சத்தம் எல்லாம் நின்று, என் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. கை எப்போது விலகியது என்று தெரியவில்லை. தெரிந்ததும் மூழ்கிவிட்டேன்.

இருட்டும்போதுதான் வீடு திரும்பினோம். அப்பா வாசலில். கதவுச் சாவியைத் தேடினாராம். அவர் சட்டைப் பையிலேயே இருந்ததாம்.

பன்னிரண்டாம் நாள்

மூட்டை கட்டும் நாள். மாவடு ஜாடி, கல்லிடைக்குறிச்சி அப்பளம் நாலு கட்டு, கருப்பட்டி, மிளகாய்ப்பொடி, ஒரு வாழைத்தாரில் பாதி. நான் எடுத்து வைத்ததை அம்மா எடுத்துவிட்டு அதே பையில் இன்னும் இரண்டு சாமானைத் திணித்தாள். நுங்கு வண்டியும் கூட வர வேண்டும் என்று சின்னவன் அழுதான். அதை ரயிலில் ஏற்ற முடியாது என்று தாத்தா சொல்ல, அவர் புழக்கடையில் பத்திரமாக வைத்திருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் ஓய்ந்தான்.

கூழ் வத்தல் காய்ந்து கலகலவென்று ஆகிவிட்டது. பெரிய டின்னில் நிரப்பி மூடியபோது மேலே "ஆச்சி" மட்டும் தனியாகக் கிடந்தது. அதை எப்படி எடுத்துப் போவது, வழியில் உடைந்துவிடுமே என்று நான் பேப்பர் தேடிக்கொண்டிருந்தேன்.

"என்னத்துக்குக் கட்டுத? பொரிச்சுத் தின்னாத்தான் வத்தல்" என்று அம்மா வாணலியில் எண்ணெய் ஊற்றினாள்.

மதியச் சாப்பாடு ரசம், பருப்புத் துவையல். எண்ணெயில் போட்டதும் "ஆ" இரண்டு மடங்காகப் பொரிந்து வாணலியை அடைத்துக்கொண்டது. அது தனக்கு என்றான் சின்னவன். புள்ளி வைத்த "ச்" பெரியவளுக்கு. புள்ளிக்காகச் சண்டை, பாதி பாதி. "சி" ஆச்சிக்கு என்று அவனே கொண்டுபோய் அம்மா தட்டில் வைத்தான். அம்மா தட்டோடு உட்கார்ந்திருந்தாள், எங்கள் எல்லோரோடும் தரையில். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். எப்போது இடம் மாறினோம் என்று கவனிக்கவில்லை.

"சி"யின் கொக்கியை ஒடித்து வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். அடுத்த துண்டு. ரசத்தை ஒரு கை எடுத்துக்கொண்டு மூன்றாவது துண்டு. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஒரு கரண்டி கூட விட்டுட்டயோ?"